பூனையை விட்டுவிட்டு வாசித்த கடிதங்கள்

புத்தகத்தைத் திறந்தால் என் மகளுக்கு வயிறு வலிக்கும். மூடினால் சரியாகிவிடும். இரண்டாம் வகுப்பில் முதல் நாலைந்து மாதம் அது உண்மையான வயிற்றுவலி என்றே நம்பி ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் தூத்துக்குடியில், கடற்கரைக்குப் போகும் சாலையின் பின்புறம், நான்கு வீடுகள் கொண்ட ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். என் கணவருக்கு அங்கே குமாஸ்தா வேலை. வயலும் வாய்க்காலுமாக ஆற்றங்கரை ஊரில் வளர்ந்த எனக்கு அந்த உப்புக்காற்றும், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீரும் பழக ஒரு வருஷம் ஆயிற்று. பள்ளி இறுதி வகுப்புவரை படித்திருந்தேன். மேலே படிக்க ஆசைப்பட்டேன், கல்யாணம் ஆனது. அதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் என் மகளுக்கு எழுத்து ஓடவில்லை என்று தெரிந்தபோது, யாரோ என் கையிலிருந்து இரண்டாம் முறையாகப் புத்தகத்தைப் பிடுங்குவதுபோல இருந்தது.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "எழுத்தெல்லாம் தெரியுது. ஆனா ஒரு வரி சேர்த்து வாசிக்க மாட்டேங்கிறா. பங்குனியில நான் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பேன். வாசிக்கலன்னா மூணாவதுக்கு ஏத்த முடியாது" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க படிச்சவங்கதானே? வீட்ல உக்காந்து பாக்கிறதில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் நான் வீட்டுக்கு நடந்தேன்.

உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர நான் வேறு என்ன செய்தேன்? தினமும் சாயங்காலம் பாய் விரித்துப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தேன். ரயில் நிலையத்துக் கடையில் சிறுவர் பத்திரிகை வாங்கினேன். பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்கு ஒரு கல்கண்டு ஒளித்து வைத்தேன். அவள் பக்கங்களை வாசிக்காமல் உதறிக் கல்கண்டை எடுத்துக்கொண்டாள். கதையைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளைகள் மீதியைத் தாங்களே வாசிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். சிங்கம் வாயைத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, "மிச்சத்த நீ வாசி" என்றேன்.

"பரவால்லம்மா" என்று எழுந்து விளையாடப் போய்விட்டாள். சிங்கம் என்ன செய்தது என்று தெரியாமல் தவித்து, அவள் போனபின் உட்கார்ந்து வாசித்து முடித்தது நான்தான்.

அடித்தேனா என்றால், ஒருமுறை அடித்தேன். முதுகில். அன்றைக்கு அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இதையெல்லாம் நான் போய்ச் சொன்னது பக்கத்து வீட்டு அக்காவிடம். தருவைகுளத்தில் பிறந்தவர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; பிள்ளைகள் இல்லை. அவர் கணவர் தோணியில் வேலை செய்தார். தோணி என்றால் சின்னப் படகு இல்லை. பாய் விரித்து, உப்பும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்பு, கோழிக்கோடு என்று போய்வரும் பெரிய மரக்கலம். போனால் இரண்டு மாதம், மூன்று மாதம். என் மகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். அக்காவுக்கு முழங்காலில் வலி. குழாயடியில் நிற்க முடியாது. ஆகவே தண்ணீர் வரும் நாட்களில் மகளை அவர் வீட்டில் விட்டுவிட்டு நான் வரிசையில் நிற்பேன். அவருக்கும் சேர்த்து இரண்டு குடம் பிடித்து வந்து வாசலில் இறக்குவேன். இதை உதவி என்று நான் நினைத்ததில்லை. அவர் என் மகளைப் பார்த்துக்கொண்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

இன்னொன்றும் செய்தேன். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவரிடமிருந்து கடிதம் வந்தால் நேராக என்னிடம் கொண்டுவருவார்.

"தங்கச்சி, கடுதாசி வந்திருக்கு. கையக் கழுவிட்டு வா."

நான் உலையைப் பார்த்தபடியே வாசிப்பேன். அவர் கணவர் நெருக்கி நெருக்கி எழுதுவார். பேசுகிற மாதிரியே எழுதுவார். மனைவியை 'ஏளா' என்று கூப்பிட்டுத் தொடங்குவார். அடுத்தவர் புருஷன் அவர் மனைவிக்கு எழுதிய 'ஏளா'வை என் வாயால் எப்படிச் சொல்வது? எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, விஷயத்தை மட்டும் எடுத்துச் சொல்வேன்.

"நல்லா இருக்காராம்க்கா. அங்க மழையாம். ஓடு ஏத்தக் காத்துக் கெடக்காங்களாம். தை பொறந்ததும் வந்துருவாராம். உங்க முழங்காலுக்குத் தைலம் வாங்கி வச்சிருக்காராம்."

"அவ்வளவுதானா? ரெண்டு பக்கமும் எழுதியிருக்காரே."

"மத்தபடி விசாரிச்சிருக்காருக்கா."

அக்கா கடிதத்தை வாங்கி, மடிப்பு கலையாமல் மடித்து, பிஸ்கட் டப்பாவில் வைக்கக் கொண்டுபோவார். நான் நல்லபடியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். படித்த பெண் அப்படித்தான் நாசூக்காக வாசிப்பாள் என்றுகூட நினைத்திருப்பேன்.

கிறிஸ்மஸுக்குப் பிறகு அக்கா கடிதத்தோடு வருவது நின்றுபோனது. தபால்காரர் அவர் வாசலில் நீலக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவதை நான் இரண்டு முறை பார்த்தேன். அக்கா என்னிடம் வரவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. போன தடவை அடுப்பு வேலையாக இருந்து, "இருங்கக்கா, வாரேன்" என்று நிற்க வைத்துவிட்டேனே, அதனாலா? பொங்கலுக்கு முறுக்குச் சுட்டு ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அவர் மடியில் தலை வைக்காத குறையாக அழுதேன். "பிள்ளைக்கு வாசிப்பு ஏறவே மாட்டேங்குதேக்கா. ஒரு வருஷம் போயிருமே. டீச்சர் என்னயத்தான சொல்வாங்க" என்றேன்.

அக்கா என் முதுகைத் தடவி, "எல்லாம் வந்துரும் தங்கச்சி, அழாத" என்றார். என் மகள் அவருடைய அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

மாசி மாதம் ஒருநாள் சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரவில்லை. மெயின் பைப் உடைந்துவிட்டதாம். அரைமணி நேரம் நின்றுவிட்டு, காலிக் குடங்களோடு வழக்கத்துக்கு முன்பே திரும்பினேன். அக்கா வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு குழந்தை வாசிக்கிற குரல் கேட்டது. ரேடியோவில் சிறுவர் நிகழ்ச்சி போலிருக்கிறது, எந்தப் பிள்ளையோ அழகாக வாசிக்கிறதே என்று நினைத்தேன். இரண்டடி நடந்த பிறகுதான் அது என் பிள்ளை என்று உறைத்தது.

"'ஏளா, நம்ம பண்டாரி வைக்கிற மீன் குழம்பப் பூனை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. பூனைக்கே வேண்டாம்னா எங்களுக்கு எதுக்குன்னு கேட்டேன். அதுக்கு அவன், பூனைக்கு உன் பொண்டாட்டி கைப்பக்குவம் தெரிஞ்சிருக்கு, அவ ஊறுகாயத் தின்ன பூனைல்லா இதுன்னு சொல்லுதான்.'"

அக்கா சிரிக்கிற சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "இன்னொருக்கா வாசி மக்கா. அந்த மூஞ்சியத் திருப்புன எடம்."

அவள் திரும்ப வாசித்தாள். இடையில் ஒரு சொல்லில் தடுக்கி, பின்னால் போய், சரியாகப் பிடித்து, மறுபடி ஓடினாள். யாரும் திருத்தவில்லை. பிறகு கேட்காமலேயே மூன்றாம் முறையும் வாசித்தாள். பண்டாரிக்கு ஒரு குரல், பெரியப்பாவுக்கு ஒரு குரல். என்னிடம் ஒரு வரியை இரண்டாம் முறை வாசித்தவள் இல்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் பிள்ளைக்கு வாசிக்க வருகிறது. ஒன்பது மாதமாக நான் சாமியிடம் கேட்டது அதைத்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் போய் அங்கே வேறு யாரோ நிற்பதைப் பார்த்தது போல இருந்தது. சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று விளக்கேற்றியதும் பாய் விரித்தேன். பாடப் புத்தகத்தில் ஒரு சின்னப் பக்கத்தைத் திறந்து, "வாசி" என்றேன்.

அவள் விரலை வைத்தாள். முதல் சொல்லை இழுத்தாள். இரண்டாவதில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "வரலம்மா" என்றாள்.

"ஒழுங்கா பாரு."

"வயித்த வலிக்கி."

அவள் பொய் சொல்லும்போது கண் சிமிட்டவில்லை, தலை குனியவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். ஏழு வயதில் இத்தனை நிதானமாக ஏமாற்றத் தெரிந்த பிள்ளையை நான்தான் பெற்று, நான்தான் அருகில் வைத்து வளர்த்திருக்கிறேன். எனக்கு இதுவரை ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போய் ஓமத்தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். முகம் சுளித்துக்கொண்டு குடித்தாள். அதையும் நடிப்புக்குள் சேர்த்துக்கொண்டாள் பாருங்கள்.

என் கணவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே, "எனக்குத் தெரியும்ளா" என்றார்.

"என்ன தெரியும்?"

"'பண்டாரின்னா என்னப்பா'ன்னு ஒருநாள் கேட்டா. தோணில சமைக்கிற ஆளுன்னு சொன்னேன். ஒனக்கு எங்கன கெடைச்சுது இந்த வார்த்தைன்னு கேட்டேன். சொல்லிட்டா."

"எப்போ?"

"இருக்கும், ஒரு மாசம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு நீ அழுதுட்டு இருந்த. அழுகையில வந்து என்னத்தச் சொல்ல?"

எதற்காக அழுதேன் என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை. கை கால் கழுவிவிட்டுச் சாப்பாடு கேட்டார். போட்டேன். குழம்பு ஊற்றும்போது, இந்த வீட்டிலும் அடுத்த வீட்டிலும் சேர்த்து நான் ஒருத்திதான் வெளியே நிற்கிறேன் என்று தோன்றியது.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போனபிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவளுக்கு வாசிக்க வருமாக்கா?"

அரிவாள்மணையில் வைத்த கை நின்றது. "தெரிஞ்சு போச்சா?"

"எவ்வளவு நாளா நடக்கு?"

"கிறிஸ்மஸுக்கு முந்தியே."

"பொங்கலுக்கு உங்ககிட்ட வந்து அப்பிடி அழுதேனே."

"அழுத."

"அப்பவும் வாயத் தொறக்கலியே நீங்க. முறுக்க வேற வாங்கி வச்சுக்கிட்டீங்க."

"புள்ள என் கையப் புடிச்சு மாதா படத்துல வச்சுச் சத்தியம் வாங்கிட்டு தங்கச்சி. உங்க சாமி படமா இருந்தாலும் கொஞ்சம் முன்னப்பின்னப் பேசிப் பாத்திருப்பேன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"எதுக்காம் சத்தியம்?"

அவர் ஒரு மீனை எடுத்துச் செதில் சீவி முடித்தார். "அம்மாட்டச் சொன்னா அம்மா இதையும் பாடமாக்கிருவான்னா."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அக்காவே தொடர்ந்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போன ஒருநாள், பொழுது போகாமல் என் மகள் பிஸ்கட் டப்பாவைத் திறந்திருக்கிறாள். ஒரு கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பூனைன்னு போட்டிருக்கே பெரியம்மா, என்ன பூனை?" என்று கேட்டிருக்கிறாள்.

"எந்தப் பூனைன்னு நான் கேக்கேன். எனக்கு ஒரு பூனையும் தெரியாதே. கடுதாசில பூனை இருக்குன்னு யார் சொன்னா எனக்கு? அவ எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கா. கோழிக்கோட்டுல ஒரு பூனைக்குட்டி தானா வந்து தோணில ஏறிட்டாம். எறக்கி விட்டாலும் ஏறுதாம். அதுக்கு என் பேர வச்சிருக்காராம் மனுசன். முழங்காலு வலிக்காத உன் தங்கச்சின்னு எழுதியிருக்காரு. போன வருசத்துக் கடுதாசி அது. நீ வாசிச்சுக் குடுத்ததுதான்."

எனக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. பூனை என்ற சொல்லை என் கண் தாண்டிப் போனதும் ஞாபகம் வந்தது. தேவையில்லாத விஷயம் என்று விட்டிருந்தேன்.

"டப்பால இருந்த எல்லாத்தையும் முதல்ல இருந்து வாசிச்சோம்" என்றார் அக்கா. "நீ வாசிச்சா தாலுகா ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லுத மாதிரி இருக்கும். அவ வாசிச்சா அவரு வந்து இந்தத் தூணுல சாஞ்சு உக்காந்து பேசுத மாதிரி இருக்கு. நானுந்தான் உன்ன நம்புனேன் தங்கச்சி. ரெண்டு பக்கம் எழுதியிருக்காரேன்னு கேட்டேன். விசாரிச்சிருக்காருன்ன. எனக்கு வந்த சிரிப்பையெல்லாம் வாசலோட திருப்பி அனுப்பிட்ட."

கூச்சமாக இருந்ததுக்கா என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுப்பில் பால் ஏதும் இல்லை.

அன்றைக்கும் பிறகும் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அக்காவிடம் நான் செய்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் தெரியாமல் செய்தேன். அவர்கள் மூன்று பேரும் தெரிந்தே செய்தார்கள். என் அழுகையைப் பார்த்துக்கொண்டே செய்தார்கள். மகளைக் கேட்டுவிடலாமா என்று பலமுறை வாயெடுத்தேன். கேட்டால் ஜன்னலுக்கு உள்ளே நடப்பது நின்றுபோகும் என்ற பயம் வந்து தடுத்தது. டீச்சர் வாசிக்கச் சொல்லிப் பார்க்க ஒரு மாதம்தான் இருந்தது. ஆகவே நானும் நடித்தேன். பாய் விரிப்பதைக் குறைத்தேன். தண்ணீர் பிடித்து வந்தால் வாசலில் குடத்தைச் சத்தமாக இறக்கினேன், அவர்கள் டப்பாவை மூட நேரம் கிடைக்கட்டும் என்று. அக்காவின் இரண்டு குடத்தையும் நிறுத்தவில்லை. கோபத்தில் ஒருநாள் நிறுத்தலாம் என்று நினைத்தேன். முழங்கால் வலிக்கிறவரை அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

பங்குனியில் டீச்சர் என்னையும் வரச்சொல்லிவிட்டு அவளை மேஜைக்கு முன் நிறுத்தினார். புத்தகத்தின் கடைசிப் பாடம், அதுவரை வகுப்பில் நடத்தாதது. என் மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள். அதில் ஓர் உழவனும் ஒரு காளையும் பேசிக்கொள்வார்கள். காளைக்குத் தனிக் குரல் கொடுத்தாள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா உழைச்சிருக்கீங்கம்மா" என்றார் என்னிடம். "அம்மா படிச்சிருந்தா அதுதான் வித்தியாசம்."

"ஆமா டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பி வரும்போது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உப்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போய்ப் புழுதி அடங்கியபின், "யம்மா, நீ ஆச்சரியமே படலியே" என்றாள்.

"நீதான் வாசிச்சிட்டியே, சந்தோஷம்தான்."

"பெரியம்மா ஏதாவது சொன்னாவளா?"

"என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். கண் சிமிட்டாமல்தான் கேட்டேன்.

அவள் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்து நான் அவளைப் பார்த்த அதே பார்வை. விரலை விட்டுவிட்டு, முன்னால் நடந்தாள்.

அந்த வாரமே ஒரு கடிதம் வந்தது. அக்கா சந்தைக்குப் போயிருந்ததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். நீல நிற இன்லாண்டு லெட்டர். நெருக்கி எழுதி, ஒட்டுகிற மடிப்பின்மேலும் ஒரு வரி ஓடியது. அந்த வரியில் 'பூனை' என்று இருந்தது. மீதி மடிப்புக்குள் போய்விட்டது. கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். முன்பு எத்தனை கடிதங்களை உரிமையோடு பிரித்திருக்கிறேன்!

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவளிடம் நீட்டினேன். "பெரியம்மா இப்பத்தான் வந்தாவ. கொண்டுபோய்க் குடு."

அவள் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாசித்துக் காட்டு என்று சொல்வேனோ என்று காத்திருந்தாள். நான் அரிசி களையத் திரும்பிக்கொண்டேன். பை தோளில் தொங்க, செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

அக்கா வீட்டு ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் களைந்த அரிசியோடு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் குரல் இருந்தது, சொற்கள் கேட்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் வாசிப்பு நின்றது, வழக்கமான சிரிப்பு வரவில்லை. பிறகு அக்கா ஏதோ கேட்டார். அவள் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

இப்போது அவள் நான்காம் வகுப்பு. வாசிக்கிறாள், எதையும் வாசிக்கிறாள். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து மட்டும் வாசிப்பதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. அந்தப் பூனைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.